அரபு நாட்டில் ஒரு புதுச்சேரிக்காரன்

மொராக்கோ நாட்டுக்குப் புறப்பட்டபோது மொழியைப் பற்றி எனக்குக் கவலையே இருக்கவில்லை. பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதிய வீதிப் பலகைகளைப் படித்து வளர்ந்தவன் நான். மொராக்கோவோ 1912 முதல் 1956 வரை பிரெஞ்சுக்காரரின் ஆதிக்கத்தில் இருந்த நாடு. 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் புதுச்சேரியின் ஆட்சிப் பொறுப்பு இந்தியாவின் கைக்கு வந்தது. இரண்டாண்டு கழியுமுன் மொராக்கோவும் விடுதலை பெற்றது. ஒரே எசமானனிடமிருந்து மீண்ட இரு நாட்டார் சந்தித்தால் பேச்சுக்கா பஞ்சம் என்று இறுமாந்திருந்தேன். ஃபெஸ் நகரில் கால் வைத்த முதல் நாளே அந்த இறுமாப்பு அடங்கிற்று.

ஃபெஸ் மிகப் பழைய நகரம். அதன் சந்துகளில் வண்டிகள் நுழைய இயலாது. கோவேறு கழுதைகளே சுமை சுமக்கின்றன. “பாலாக், பாலாக்!” என்று ஓட்டுகிறவன் கூவினால் நாம் சுவரோடு ஒட்டி நின்றுகொள்ள வேண்டும். நகரின் நடுவே, கி.பி. 859இல் நிறுவப்பெற்ற கரவிய்யீன் பள்ளிவாசல் இருக்கிறது. முஸ்லிம் அல்லாதார் உட்செல்ல அந்நாட்டு வழக்கம் இடந்தருவதில்லையாதலால், வாயிலில் நின்று முற்றத்தைக் கண்டு திரும்பினேன். அருகிலேயே ஸஃபாரீன் என்னும் சதுக்கம். செம்புப் பாத்திரம் செய்வோர் அங்கே நாள் முழுவதும் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்களுள் முதியவர் ஒருவரிடம், “இந்தத் தட்டு என்ன விலை?” என்று பிரெஞ்சில் கேட்டேன். தலை நிமிராமலே ஒரு தொகையைச் சொன்னார், அவ்வளவுதான். சரி, படமாவது எடுத்துக்கொள்வோம் என்று கருவியை உயர்த்தினேன். கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். வெட்கத்தால் குன்றிப்போனேன்.

தங்கியிருந்த விடுதியின் காவற்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். “நலம் கேட்குமுன் விலை கேட்டீர்கள். அதையும் பிரெஞ்சில் கேட்டீர்கள். அந்தக் காலத்து அதிகாரிகளும் அப்படித்தான் கேட்டார்கள்” என்றார். அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. என் பாட்டனார் பிரெஞ்சு நிர்வாகத்தில் எழுத்தராகச் சைகோன் சென்று ஊழியம் பார்த்தவர். எங்கள் ஊரில் அப்படி இந்தோசீனாவுக்குச் சென்ற குடும்பங்கள் பல உண்டு. வீட்டில் பெருமையாகப் பேசப்பட்ட மொழி, வேறொருவர் காதில் இப்படி ஒலிக்கும் என்று நான் எண்ணிப் பார்த்ததேயில்லை.

அன்றிரவு கைப்புத்தகத்திலிருந்து சில அரபு வாக்கியங்களை உருப்போட்டேன். அவற்றைக் கேட்ட காவற்காரர் இன்னும் பலமாகச் சிரித்தார். மாணவர்களே, இதன் காரணம் உங்களுக்கு எளிதில் விளங்கும். தமிழைப் போலவே அரபியிலும் எழுதும் மொழி ஒன்று, பேசும் மொழி ஒன்று. நான் பேசியது, பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மாளிடம் ஒருவன் சங்கத்தமிழில் பேரம் பேசியதற்கு ஒப்பாகும். “அஸ்ஸலாமு அலைக்கும்” என்று தொடங்குங்கள், பிறகு “லா பாஸ்?” என்று கேளுங்கள், அது போதும் என்றார் அவர். தீங்கேதும் இல்லையே என்பது அதன் பொருள். உங்களுக்கு, வீட்டாருக்கு, பெற்றோருக்கு என்று ஒவ்வொருவராக நலம் கேட்க வேண்டும். பதில் வரும்வரை அவசரப்படலாகாது. நம் கிராமத்துத் திண்ணையில் நடப்பதும் இதுதானே!

மறுநாள் கருவியை அறையிலேயே விட்டுச் சென்று, முதியவருக்கு முகமன் கூறினேன். இடக்கையால் ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டார். பச்சைத் தேயிலையும் புதினாவும் நிறையச் சர்க்கரையும் சேர்ந்த தேநீர் வந்தது. கையை உயர்த்தி, நுரை பொங்கச் சிறு கண்ணாடிக் குவளையில் ஊற்றினார். எந்த ஊர் என்று கேட்டார், பிரெஞ்சில்! நேற்றுக் கசந்த அதே மொழியை இன்று அவரே தொடங்கினார். பேச்சினிடையே சைகோன் என்றேன். சுத்தியல் நின்றது. அவருடைய தகப்பனாரும் பிரெஞ்சுப் படையில் சேர்க்கப்பட்டு இந்தோசீனாவில் போர் புரிந்தவராம். சற்று நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

பிறகு நான் எங்கள் மொழியில் வழங்கும் அரபுச் சொற்களை அடுக்கினேன்: வக்கீல், வசூல், பாக்கி, அசல், நகல், வாரிசு. பாரசீகத்தின் வழியாக நம் கச்சேரிகளுக்கு வந்து சேர்ந்த சொற்கள் இவை. (எல்லாம் கடனும் வழக்குமாக இருப்பது நம் தலையெழுத்து.) ஒவ்வொன்றையும் அவர் தம் உச்சரிப்பில் திருப்பிச் சொல்லி மகிழ்ந்தார். புளிக்கு அரபியில் “தமர் ஹிந்தி”, அதாவது இந்தியப் பேரீச்சை என்று பெயர்.

டாஞ்சியரில் 1304இல் பிறந்த இப்னு பதூதாவைப் பற்றியும் பேசினோம். அவர் இலங்கையிலிருந்து வருகையில் புயலில் சிக்கி, நம் கடற்கரையை ஒட்டிக் கப்பல் தரைதட்டிற்று. இரவு முழுவதும் கப்பலிலேயே கிடந்தவரைக் காலையில் ஓடமேறி வந்து கரை சேர்த்தவர்கள் அவ்வூர் மக்கள். அவர்களுக்கு அவர் மொழி தெரியாது. அவர் சமயமும் வேறு. ஆயினும் பனையின் இனிப்பும் நல்ல மீனும் கொடுத்தார்கள் என்று தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். அந்தக் கதையை முதியவர் என்னை இருமுறை சொல்லச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அழைத்தார். மிதியடியை வாயிலில் கழற்றிவிட்டு, நம் வீடு போலவே உள்ளே சென்றேன். ஒரே பெரிய தட்டில் குஸ்குஸ். சுற்றி அமர்ந்து வலக்கையால், அவரவர் முன்னுள்ள பகுதியிலிருந்து மட்டும் உண்ண வேண்டும். அவர் மனைவியார் நல்ல துண்டுகளாகப் பார்த்து என் பக்கம் தள்ளிக்கொண்டேயிருந்தார். போதும் என்பதை அரபியில் எப்படிச் சொல்வது என்று நான் கற்றிருக்கவில்லை, கற்றிருந்தாலும் பயன்பட்டிராது.

ஊர் திரும்பும் நாளன்று அந்தச் செம்புத் தட்டை வாங்கச் சென்றேன். இத்தனை பழக்கத்துக்குப் பின் சற்றுக் குறைப்பார் என்ற ஆசை எனக்கு உள்ளூர இருந்தது. முதல் நாள் சொன்ன அதே தொகையைத்தான் சொன்னார். அதைக் கொடுத்துவிட்டு, இன்னொரு குவளைத் தேநீருக்கு உட்கார்ந்தேன்.