பரணில் தூங்கும் பணம்

உங்கள் வீட்டுப் பரணை ஒருமுறை எட்டிப் பாருங்கள். கைப்பிடி உடைந்த வாளி, மூடி தொலைந்த டப்பாக்கள், ஓடாத மேசை விசிறி, 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்று வந்த போர்வை! இவை ஊதாரியின் வீட்டில் மட்டுமே இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். காசு காசாகக் கணக்குப் பார்க்கும் சிக்கனக்காரரின் பரணும் பல நேரங்களில் நிரம்பித்தான் கிடக்கிறது. இது எப்படி?

400 ரூபாய்ச் சட்டை 250 ரூபாய்க்குக் கிடைத்தால், 150 ரூபாய் மிச்சம் என்று நம் மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. ஏற்கெனவே ஆறு சட்டை இருக்கையில் ஏழாவதற்கு 250 ரூபாய் செலவானது அந்தக் கணக்கில் ஏறுவதில்லை.

சரி, வாங்கியாயிற்று; வேண்டாததைப் பிறருக்குக் கொடுத்துவிடலாம் அல்லவா? அதற்கும் மனம் இடம் கொடுப்பதில்லை. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்டு தேலர் ஆகிய மூவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டுகிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிப் பேருக்குக் காப்பிக் குவளை ஒன்றைக் கொடுத்தார்கள். அதை விற்க அவர்கள் கேட்ட விலை, குவளை பெறாத மாணவர்கள் தர முன்வந்த விலையைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. குவளை கைக்கு வந்து சில நிமிடங்களே ஆகியிருந்தன! அப்படியானால் பத்து ஆண்டு பரணில் இருந்த விசிறியைப் பற்றிக் கேட்கவும் வேண்டுமா?

போட்ட பணமும் நம்மைக் கட்டிப்போடுகிறது. ஆர்க்ஸ், புளூமர் இருவரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நாடக அரங்கின் பருவச் சீட்டைச் சிலருக்கு 15 டாலர் முழு விலைக்கும், சிலருக்குத் தள்ளுபடி விலைக்கும் கொடுத்தார்கள். யாருக்கு எந்த விலை என்பது குலுக்கல் முறையில் முடிவானது. பருவத்தின் முதற்பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்குச் சென்றார்கள். நாடகம் எல்லோருக்கும் ஒன்றுதான். கொடுத்த காசுதான் வேறு.

குறைந்த பொருள்களோடு வாழும் பழக்கத்தை மேற்கொள்ளும் சிக்கனக்காரரிடம் முதலில் மாறுவது அவர் கேட்கும் கேள்வி. 'இது மலிவா?' என்பது போய், 'இது எத்தனை நாள் உழைக்கும்?' என்பது வருகிறது. 200 ரூபாய்ச் செருப்பு 5 மாதத்தில் அறுந்தால், மாதத்துக்கு 40 ரூபாய். 720 ரூபாய்ச் செருப்பு 3 ஆண்டு உழைத்தால், மாதத்துக்கு 20 ரூபாய்தான். கடையில் அதிகம் கொடுத்தவரே உண்மையில் குறைவாகச் செலவு செய்கிறார். விலை உயர்ந்ததெல்லாம் நெடுநாள் உழைக்கும் என்பதில்லை. தையலையும் அடிப்பாகத்தையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 720 ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைக்க முடியாதவருக்கு இந்தக் கணக்கு உதவாது. மறுபடியும் வாங்க வழியில்லாதவர் பழைய டப்பாவைப் பத்திரப்படுத்துவதில் தவறு என்ன? அதைக் கேலி செய்கிறவர்கள் நிலைமை தெரியாதவர்கள்.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். வேண்டுமா வேண்டாமா என்று ஐயப்படும் பொருள்களை ஒரு பெட்டியில் போட்டு, மேலே தேதி எழுதி வையுங்கள். எடுக்கும் ஒவ்வொரு பொருளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓராண்டு கழித்து மீதியிருப்பவற்றின் விலையைக் கூட்டிப் பாருங்கள். சான்றிதழ்களையும் புயல் காலத்து அரிக்கேன் விளக்கையும் மட்டும் அந்தப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். ஆண்டில் ஒரே நாள் தேவைப்பட்டாலும், அன்றைக்கு அவற்றுக்கு மாற்று இல்லை.