பெண் பிறப்புறுப்புச் சிதைப்பு: தாய்மார்களே மகள்களை அழைத்துச் செல்வது ஏன்?

கேரள மாநிலம் கோழிக்கோட்டில் உள்ள ஒரு மருத்துவ நிலையத்தில் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் ‘சுன்னத்’ செய்யப்படுவதாக 2017 ஆகஸ்டில் தகவல் வெளியானது. இந்தியாவில் தாவூதி போரா சமூகத்தினரிடம் மட்டுமே காணப்படுவதாகக் கருதப்பட்ட இவ்வழக்கம், கேரளத்தில் வேறு சிலரிடமும் இருப்பது அப்போதுதான் பரவலாகத் தெரியவந்தது.

செய்யப்படுவது என்ன?

போரா சமூகத்தில் ‘கஃப்ஸ்’ அல்லது ‘கத்னா’ எனப்படும் இச்சடங்கு, பெரும்பாலும் ஏழு வயதையொட்டி நடத்தப்படுகிறது. கிளிட்டோரிஸ் என்னும் உணர்வுமிக்க உறுப்பை மூடியிருக்கும் தோலின் ஒரு பகுதி வெட்டப்படுகிறது. இலங்கை முஸ்லிம்களில் ஒரு பகுதியினர் குழந்தை பிறந்து நாற்பது நாள்களுக்குள் இதனைச் செய்கின்றனர். இதைச் செய்யும் மூதாட்டி அங்கு ‘ஒஸ்தா மாமி’ என அழைக்கப்படுகிறார்.

உலக சுகாதார நிறுவனம் இத்தகைய செயல்களை நான்கு வகைகளாகப் பிரித்துள்ளது. சிறு கீறலும் அதில் அடங்கும். இவற்றால் உடல்நலத்துக்கு எந்த நன்மையும் இல்லை என்றும், இரத்தப்போக்கு, தொற்று, கடும் வலி, மனப் பாதிப்பு ஆகியவை ஏற்படக்கூடும் என்றும் அந்நிறுவனம் கூறுகிறது. இதற்கு உள்ளான சிறுமிகளும் பெண்களும் உலகெங்கும் 23 கோடிக்கு மேல் இருப்பதாக யுனிசெஃப் 2024-இல் மதிப்பிட்டது.

பெண்கள் கூறும் காரணங்கள்

பெரும்பாலும் தாயோ பாட்டியோதான் சிறுமியை அழைத்துச் செல்கின்றனர். மார்க்கக் கடமை, தூய்மை, முன்னோர் வழக்கம் என அவர்கள் காரணம் கூறுகின்றனர். பாலுணர்வைக் கட்டுப்படுத்தவே இது என்று சிலரும், மணவாழ்வின் இன்பத்தைக் கூட்டவே என்று வேறு சிலரும் நேர்மாறாக விளக்குகின்றனர்.

இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது விலக்கிவைக்கப்படுவோமோ என்ற அச்சம். திருமணமும் நல்லடக்கமும் சமூக அமைப்பைச் சார்ந்திருக்கும் இடத்தில், மறுப்பது எளிதன்று. தனக்கு நடந்ததை விரும்பாத தாயும் மகளுக்கு அதையே செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். குர்ஆனில் இதுபற்றிய கட்டளை இல்லை. உலக முஸ்லிம்களில் பெரும்பாலோரிடம் இவ்வழக்கம் இல்லை; ஆப்பிரிக்காவில் சில கிறிஸ்தவச் சமூகங்களிடமும் இது உண்டு.

இரு தரப்பிலும் பெண்கள்

இவ்வழக்கத்தை எதிர்க்கும் ‘சாஹியோ’ அமைப்பைத் தொடங்கியவர்களில் போரா பெண்களும் உள்ளனர். மறுபுறம், இது தீங்கற்ற சமயச் சடங்கு என்றும் ‘சிதைப்பு’ என்ற சொல்லே தங்களை இழிவுபடுத்துகிறது என்றும் மதச் சுதந்திரத்துக்கான தாவூதி போரா மகளிர் சங்கம் நீதிமன்றத்தில் வாதிட்டது. வயதுவந்த பெண்ணின் நம்பிக்கை மதிக்கத்தக்கதே. ஆனால் ஏழு வயதுச் சிறுமியால் ஒப்புதல் அளிக்க இயலாது என்பதே எதிர்ப்பாளர்களின் வாதம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. தடை கோரி 2017-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்யப்பட்டது. இவ்வழக்கம் பற்றிய அதிகாரபூர்வத் தரவு இல்லை என்று அவ்வாண்டு டிசம்பரில் கூறிய மத்திய அரசு, 2018 ஜூலையில் தடைக் கோரிக்கையை ஆதரித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் வழக்கு ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது. 2019 நவம்பரில் சபரிமலை மறுஆய்வு மனுக்களை விசாரித்த அமர்வு, பெரிய அமர்வு ஆராய வேண்டியவற்றுள் இதனையும் குறிப்பிட்டது.

இலங்கைச் சுகாதார அமைச்சு 2018-இல் மருத்துவர்கள் இதில் ஈடுபடுவதைத் தடுத்துச் சுற்றறிக்கை வெளியிட்டது. சிறு வெட்டும் குற்றமாகலாம் என ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது.

தடைச் சட்டமுள்ள மேலைநாடுகளில், அந்நாட்டுச் சட்டத்துக்குக் கீழ்ப்படியுமாறு உள்ளூர் போரா ஜமாஅத்துகள் 2016-இல் உறுப்பினர்களை அறிவுறுத்தின. மகளை அழைத்துச் செல்ல விரும்பாத தாய்க்குச் சட்டம் ஒரு காரணத்தை அளிக்கிறது என்பதை இது காட்டுகிறது. இந்தியத் தாய்மார்களுக்கு அத்தகைய தனிச் சட்டம் இன்னும் இயற்றப்படவில்லை.