நள்ளிரவுக் கணக்கு!

இரவு மணி இரண்டு. ஊர் உறங்குகிறது. உலை வைப்பார் இல்லை, துணி துவைப்பார் இல்லை, குளிப்பார் இல்லை. அந்த வேளையிலும் தெருவுக்கு அடியில் புதைந்து கிடக்கும் குழாயில் தண்ணீர் விரைந்து ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், அது யாருடைய தாகத்தைத் தீர்க்க ஓடுகிறது?

யாருடைய தாகத்தையும் தீர்க்க அல்ல, தோழர்களே! உடைந்த குழாயின் வழியே மண் குடிக்கிறது. களவாக இணைப்பு எடுத்தவனின் தொட்டி நிரம்புகிறது. விடிந்ததும் கடைசித் தெருவில் நம் தாய்மார்கள் காலிக் குடத்தோடு நிற்கிறார்கள். அவர்களைப் பார்த்து, "பற்றாக்குறை அம்மா, பற்றாக்குறை!" என்கிறார்கள் பொறுப்பிலே இருப்போர்.

நாம் கேட்கிறோம்: பற்றாக்குறை தண்ணீரிலா? கணக்கிலா?

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிய நம் முன்னோர் இந்தக் கேள்விக்கு என்றோ விடை கண்டவர்கள். ஏரிக்கு மடைகள் வைத்தார்கள். இந்த மடைக்கு இத்தனை வயல் என்று வகுத்தார்கள். மடையைத் திறக்கவும் மூடவும் ஆள் வைத்தார்கள். கடைமடை காய்ந்தால் யாரைக் கேட்பது என்று ஊருக்குத் தெரியும். நகரத்துக் குழாய்க்கோ மடை இல்லை! பல லட்சம் பேருக்கு ஒரே வலை. ஒன்றோடொன்று பின்னிய குழாய்கள். எங்கே ஒழுகுகிறது என்றால், "எங்கேயோ!" யார் பொறுப்பு என்றால், "யாரோ!"

இந்த "எங்கேயோ"வுக்கும் "யாரோ"வுக்கும் முடிவு கட்டும் வழி ஒன்று உண்டு. பிரிட்டனின் குடிநீர்த் துறையில் 1980-களின் தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்தது. நகரத்துக் குழாய் வலையைச் சிறு வட்டாரங்களாகப் பிரிப்பது. 500 முதல் 3,000 இணைப்புகள் வரை ஒரு வட்டாரம். எல்லையில் உள்ள வால்வுகளை மூடிவிட்டு, தண்ணீர் நுழைய ஒரே வாயில் வைத்து, அந்த வாயிலில் ஒரு மீட்டரைப் பொருத்துவது. அவ்வளவுதான்!

வட்டாரத்துக்குள் போனது எவ்வளவு? வீடுகளின் மீட்டர்கள் காட்டும் அளவு எவ்வளவு? இரண்டுக்கும் இடையே உள்ளது இழப்பு. நள்ளிரவிலே வாயில் மீட்டரைப் பார்த்தால் குட்டு வெளிப்படும். இரவுப் பணி நடக்கும் ஆலை, விழித்திருக்கும் மருத்துவமனை, இவற்றின் அளவைக் கழித்த பிறகும் மீட்டர் வேகமாகச் சுழன்றால், அது பெரும்பாலும் கசிவு. பிறகு தெருவுக்குத் தெரு வால்வை மூடிப் பார்ப்பார்கள். எந்தத் தெருவை மூடியதும் ஓட்டம் சட்டென்று குறைகிறதோ, அங்கே கசிவு! குழாயின் மேல் கம்பியை ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து, ஒழுகும் ஓசையைக் கேட்டே இடத்தைச் சொல்லும் தொழிலாளி இருக்கிறாரே, அவருடைய காதுக்கு ஈடு எது?

இன்னொன்றும் உண்டு. அழுத்தம் மிகுந்தால் கசிவும் மிகும். வட்டாரம் தனியே இருந்தால், தேவை குறைந்த இரவிலே அழுத்தத்தைக் குறைக்கலாம். குழாயின் ஆயுளும் கூடும்.

"ஏட்டுச் சுரைக்காய்!" என்று எள்ளி நகையாடுவோர் இருப்பார்கள். அவர்களை அங்கோர் வாட்டின் நாடான கம்போடியாவுக்கு அழைக்கிறோம்.

அதன் தலைநகர் நாம்பென். 1975-ல் துப்பாக்கி முனையில் மக்களையெல்லாம் விரட்டிக் காலி செய்யப்பட்ட நகரம். 1993-ல் அங்கே நூறு குடம் தண்ணீர் அனுப்பினால் 72 குடத்துக்குக் கணக்கே இல்லை. குழாயில் தண்ணீர் வந்ததோ நாளுக்கு ஏறத்தாழ 10 மணி நேரம். குழாய் எட்டாத ஏழை, விற்பவனிடம் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கினான்.

அவ்வாண்டில் குடிநீர் நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றவர் எக் சொன் சான் என்ற பொறியாளர். குழாய்களை மாற்றினார். வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்தார். வலையை வட்டாரங்களாகப் பிரித்தார். கசிவை அடைக்க இரவும் பகலும் குழுக்களை நிறுத்தினார். களவு இணைப்புக்குத் துணைபோன ஊழியரை வெளியேற்றினார். நன்கு உழைத்தவருக்கு ஊதியத்தை உயர்த்தினார். மீட்டர் வைக்க மறுத்த படைத்தலைவர் ஒருவர் அவர் தலைக்கு நேரே துப்பாக்கியை நீட்டினார். அஞ்சினாரா? காவலரோடு திரும்பிச் சென்று அந்த இணைப்பைத் துண்டித்தார்!

2009-ல் அந்த இழப்பு 72-லிருந்து ஏறத்தாழ 6 ஆக இறங்கியது. 24 மணி நேரமும் தண்ணீர் வந்தது. ஏழைகளின் இணைப்புக் கட்டணத்துக்குச் சலுகை கிடைத்தது. 2006-ல் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது.

வட்டாரம் பிரித்ததால் மட்டுமே வந்த வெற்றி என்று நாம் சொல்லவில்லை. எண்ணியதால் வந்தது, எண்ணிய பிறகு பெரியவர், சிறியவர் என்று பாராததால் வந்தது!

பிரிப்பது என்ற சொல்லே நமக்குக் கசக்கும். பிரித்து ஆண்டவர்களைக் கண்ட நாடல்லவா இது! ஆகவே எச்சரிக்கை வேண்டும். மாளிகை வட்டாரத்துக்கு மீட்டரும் முழுநேரத் தண்ணீரும், குடிசை வட்டாரத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் முறையும் என்றால், அது பங்கீடு அல்ல, பழைய அநீதிக்குப் புதிய வால்வு! மூடிய எல்லைகளில் தேங்கும் நீரை அவ்வப்போது வெளியேற்றிக் குழாயைக் கழுவ வேண்டும். நேரம் வைத்துத் தண்ணீர் விடும் ஊரில், குழாய் காலியாகும்போது விரிசல் வழியே சாக்கடை புகும் என்பதையும் மறக்கக் கூடாது. நள்ளிரவுக் கணக்கும் அங்கே செல்லாது. ஆகவே ஒவ்வொரு வட்டாரமாகச் சீர் செய்து, முழுநேரமும் தண்ணீர் விட்டு, அடுத்ததற்குப் போக வேண்டும். கடைமடையில் தொடங்கினால் நாம் கைதட்டுவோம்!

தோழர்களே! உங்கள் ஊர் மன்றத்தில் இரண்டே கேள்விகளைக் கேளுங்கள். எங்கள் வட்டாரத்துக்குள் நுழைந்த தண்ணீர் எவ்வளவு? எங்கள் வீடுகளுக்கு வந்தது எவ்வளவு? அந்த இரண்டு எண்களையும் தெருமுனைப் பலகையில் எழுதச் சொல்லுங்கள்.

எழுதத் தயங்கினால், தண்ணீர் எங்கே போகிறது என்பது எழுதாமலே விளங்கிவிடும்!