அரிப்பு நின்ற பிறகும் பூச வேண்டிய ஜெல்

தொடை இடுக்கு, அக்குள், பாவாடை நாடாவோ பெல்ட்டோ இறுகும் இடுப்பு. வியர்வை தேங்கும் இடங்களில்தான் படர்தாமரை பெரும்பாலும் தொடங்குகிறது. வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்து, நடுத்தோல் சற்றுத் தெளிந்திருக்கும். தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் புரதத்தைத் தின்று வாழும் பூஞ்சை அது. வெளிப்பக்கமாகப் படர்ந்துகொண்டே போவதால், பூஞ்சை மும்முரமாக இருப்பது ஓரத்தில்தான்.

இதற்கு மருந்துக் கடையில் கிடைப்பவற்றில் ஒன்று டெர்பினாஃபின் 1 சதவீத ஜெல். பூஞ்சையின் செல்சுவருக்கு உள்ளே இருக்கும் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் தேவை. அது உருவாவதை இந்த மருந்து தடுத்துவிடுகிறது. ஜெல் பிசுபிசுப்பில்லாமல் சீக்கிரம் உலரும் என்பதால் ரோமம் உள்ள இடத்துக்கும் ஈரம் தங்கும் மடிப்புக்கும் தோதானது. சொறிந்து புண்ணான தோலில் மட்டும் எரியும். அங்கே க்ரீமே மேல்.

பூசும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். குளித்து, ஈரம் போகத் துடைத்த பிறகு, சிவப்பைத் தாண்டி சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் வரை பூச வேண்டும். விரல் நுனியிலிருந்து முதல் கணு வரை பிதுக்கிய மருந்து, இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். அரிப்பு சில நாளிலேயே அடங்கிவிடும், பூஞ்சை அடங்காது. தோல் முழுதும் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் தொடரச் சொல்வதே தோல் மருத்துவர்களின் வழக்கம்.

இன்னொரு சிக்கல் பெரிது. 'அரிப்புக்கு ஏதாவது கொடுங்க' என்று கேட்டால் கைக்கு வரும் டியூபில் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கலாம். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்களை அட்டையில் தேடிப் பாருங்கள். ஒரே நாளில் அரிப்பு நிற்கும், ஆச்சரியமாகக்கூட இருக்கும். ஆனால் அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தி மங்கி, பூஞ்சை உள்ளுக்குள் தழைக்கும். வட்டத்தின் வடிவம் குலையும், தோல் மெலிந்து கோடு விழும். இத்தகைய பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டோடுதான் விற்க வேண்டும் என்று இந்திய அரசு 2018-இல் விதித்தது. சீட்டைக் கேட்காத கடைகள் இன்றும் உண்டு.

இந்தியாவில் இப்போது பரவலாக இருக்கும் டிரைக்கோஃபைட்டான் இன்டோட்டினியே என்ற இனம் டெர்பினாஃபினுக்கே பல நேரம் பணிவதில்லை. எனவே இரண்டு வாரம் ஒழுங்காகப் பூசியும் ஓரம் அடங்காவிட்டால் வேறு டியூப் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். தலையிலோ நகத்திலோ வந்தால் ஜெல் போதாது, மாத்திரை தேவைப்படும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் கேட்பது நல்லது.

வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பு இருந்தால் இருவரும் ஒரே சமயத்தில் மருந்து எடுக்க வேண்டும். துண்டும் உள்ளாடையும் ஆளுக்குத் தனி. துவைத்து நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது இதுவரை பூசிய டியூப்கள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். ஸ்டீராய்டு பட்ட படர்தாமரை பார்வைக்கு வேறு நோய்போலத் தெரியும். தோலை லேசாகச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டுமா என்று அவர் முடிவெடுக்க அந்த டியூப்களில் உள்ள மருந்துப் பெயர்கள் உதவும்.