யார் முகம் அந்த ஏட்டிலே?

தம்பி! மூட்டை தூக்கித் தூக்கித் தோள் காய்த்துப்போன தோழர் ஒருவர், "பள்ளியிலே படிக்கும் மகளுக்குப் படக்கதைப் புத்தகம் வாங்கவேண்டும், கூட வாருங்கள்" என்றார். போனோம். கடைக்காரர் அள்ளிப் போட்டார். பளபளக்கும் அட்டை, பல நூறு வண்ணம்! புரட்டினேன். இளவரசி வெள்ளை, தேவதை வெள்ளை, நல்ல பையனும் வெள்ளை! கறுத்த முகமே இல்லையா? இருந்தது, தம்பி, இருந்தது! திருடனுக்கு இருந்தது, அரக்கனுக்கு இருந்தது, பல்லக்குத் தூக்குபவனுக்கு இருந்தது! அதை வாய்விட்டுப் படித்துக் காட்டினால், கரிய கன்னம் கொண்ட அந்தக் குழந்தை தன்னை எந்தப் பக்கத்திலே தேடும்?

நம் ஊர் நோய் மட்டுமல்ல இது. அமெரிக்காவிலே நான்சி லாரிக் என்ற அம்மையார் 1965இல் கணக்கை எடுத்து வைத்தார். 1962 முதல் 1964 வரை வெளிவந்த 5,206 குழந்தை நூல்களில், கறுப்பின மக்கள் தலைகாட்டியவை 349! நூற்றுக்கு ஏழுகூட இல்லை!

அந்த வறட்சியிலே, 1962இல், வந்தது ஒரு சின்னஞ்சிறு ஏடு: 'பனி நாள்'. எழுதி வரைந்தவர் எஸ்ரா ஜாக் கீட்ஸ், குடியேறிய ஏழை யூதக் குடும்பத்துப் பிள்ளை. கதை என்ன? சிவப்பு அங்கி போட்ட பீட்டர் என்ற கறுப்புச் சிறுவன் பனியிலே நடக்கிறான். தன் கால்தடத்தைத் தானே பார்க்கிறான். குச்சியால் மரத்தைத் தட்டுகிறான், தலையிலே பனி விழுகிறது. ஒரு பனி உருண்டையைப் பையிலே போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறான், அது உருகிவிடுகிறது. அவ்வளவுதான்! யாருக்கும் எடுபிடி அல்ல அவன், யாரிடமும் கையேந்தவில்லை. விளையாடுகிறான், குழந்தை அல்லவா? 1963இல் கால்டிகாட் பதக்கம் வந்தது. நியூயார்க் பொது நூலகத்தின் 125 ஆண்டு வரலாற்றில் அதிகம் இரவல் போன நூல் இதுவே என்று 2020இல் அறிவித்தார்கள். 4,85,583 முறை, தம்பி!

ஆகவே, வாங்குமுன் படத்தைப் பார். நாற்காலியில் யார், தரையில் யார்? அம்மா எல்லாப் பக்கத்திலும் அடுப்படியிலேதானா? பிறகு ஒரு பக்கத்தை உரக்கப் படி. மூச்சு முட்டினால் கீழே வை. வகுப்பிலே படிப்பதற்கென்றால் கையை நீட்டிப் பிடி. கடைசி வரிசைப் பிள்ளைக்கும் படம் தெரியவேண்டும். முடிவிலே பிரம்பெடுத்துப் புத்தி சொல்லும் கதை வேண்டாம். (நமக்கு மேடை போதாதா, பிள்ளையிடமுமா சொற்பொழிவு?) காசில்லையா? 2023இல் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகச் சிறு கதை நூல்களை அரசுப் பள்ளிகளுக்குத் தந்தது. பள்ளியிலே கேள்.

தோழர் தயங்கினார். "அண்ணே, எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும்..." எழுத்தே இல்லாத படப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

மறுவாரம் கண்டேன் அவரை. "மாட்டிக்கொண்டேன் அண்ணே! முதல் நாள் பூனைக்கு ஒரு பெயர் சொன்னேன், மறுநாள் மறந்துபோய் வேறு பெயர் சொல்லிவிட்டேன். விடமாட்டேன் என்கிறாள்!"