பிள்ளையை செஸ் வகுப்பில் சேர்க்கப் போறீங்களா? ஃபீஸைவிடப் பெரிய செலவு ஒன்று இருக்கு!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலை. ஷிஃப்ட் பஸ்ஸில் உட்கார்ந்து போனைத் திறந்தால், பிள்ளையின் பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் செஸ் வகுப்பு விளம்பரம். 2024 டிசம்பர் 12-ல் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன் ஆனதில் இருந்து, இந்த ஆசை எட்டிப் பார்க்காத வீடு குறைவு. ஆசை தப்பில்லை. ஆனா பணம் கட்டும் முன், கிராண்ட்மாஸ்டர் பட்டம் எப்படிக் கிடைக்குதுன்னு பார்த்துடுவோம்.

பட்டத்தை அகாடமி தருவதில்லை. 1924-ல் பாரிஸில் தொடங்கப்பட்ட உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே தருகிறது. நம் நாட்டில் அதன் உறுப்பு அகில இந்திய செஸ் கூட்டமைப்பு; அதற்குக் கீழே மாநில, மாவட்டச் சங்கங்கள்.

முதல் நிபந்தனை, ரேட்டிங். ஒரு தடவையாவது 2500-ஐத் தொட வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, 2300-க்குக் கீழே இருக்கும்வரை, ஒரு வெற்றிக்குக் கிடைக்கும் புள்ளி அனுபவமுள்ள பெரியவர்களைவிட இரண்டு மடங்கு. பசங்க மளமளன்னு ஏறுவது இதனாலும்தான். தோற்றாலும் அதே வேகத்தில் இறங்கும்!

இரண்டாவது, மூன்று 'நார்ம்'. இங்கேதான் விஷயமே இருக்கு. பொதுவாக ஒன்பது சுற்றுப் போட்டி ஒன்றில், 2600 ரேட்டிங் உள்ளவர் ஆடுவது போன்ற தரத்தில் ஆட வேண்டும். எதிராளிகளில் குறைந்தது மூன்று பேர் கிராண்ட்மாஸ்டர்களாக இருக்கணும். வெளிநாட்டு வீரர்களோடும் மோதியிருக்கணும். பையன் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், எதிரே உட்கார அப்படிப்பட்ட ஆட்கள் வேண்டுமே? அதற்காகத்தான் பாஸ்போர்ட்.

பிரக்ஞானந்தாவை எடுத்துக்கோங்க. 2017-18-ல் அவர் எடுத்த மூன்று நார்மும் வெளிநாட்டில்: இத்தாலி, கிரீஸ், மறுபடியும் இத்தாலி. 12 வயதில் பட்டம் வந்துவிட்டது. அப்பா வங்கி ஊழியர். கூடவே பயணம் போனது அம்மா நாகலட்சுமி, ரசம் சாதத்துக்கு அடுப்பும் பாத்திரமும் சுமந்துகொண்டு. குகேஷின் அப்பா காது-மூக்கு-தொண்டை மருத்துவர்; மகனோடு போட்டிகளுக்குப் போக வேலையையே நிறுத்தினார். செலவுக்கு நண்பர்கள் கைகொடுத்தார்கள். டாக்டர் குடும்பத்துக்கே இந்த நிலை என்றால், லீவு கேட்டு லைன் சூப்பர்வைசர் முன்னால் நிற்கும் அப்பாவை யோசிச்சுப் பாருங்க.

குகேஷின் கடைசி நார்ம் 2019 ஜனவரியில் டெல்லியில் கிடைத்தது. வலுவான வெளிநாட்டு வீரர்கள் இங்கேயே வந்து ஆடினால் விமான டிக்கெட் மிச்சம். போட்டி நடத்துவது ஏன் முக்கியம் என்பதற்கு இன்னொரு உதாரணம்: 2023 டிசம்பரில் தமிழக அரசு ஆதரவில் சென்னையில் நடந்த கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டி. அதில் ஜெயித்துத்தான் குகேஷ் கேண்டிடேட்ஸ் தொடருக்குத் தகுதி பெற்றார். அங்கிருந்து சிங்கப்பூர். என்னைக் கேட்டால், பரிசுத் தொகை அறிவிப்பைவிட இப்படி ஒரு போட்டிதான் பெரிய உதவி.

சரி, அகாடமியில் என்ன கேட்பது? சுவரில் இருக்கும் கோப்பைகளை எண்ணாதீங்க. ஒரே நாளில் முடியும் குழந்தைகள் போட்டிகளில் கோப்பை தாராளமாகக் கிடைக்கும். அவை நீண்ட நேர ஆட்டங்களுக்கான ரேட்டிங்கில் சேராது. நார்ம் கணக்குக்கு அந்த நீண்ட ஆட்டம்தான் வேண்டும். "உங்க பசங்க எத்தனை பேருக்கு ஃபிடே ரேட்டிங் இருக்கு? ரெண்டு வருஷத்துல எவ்வளவு ஏறியிருக்கு?" என்று கேளுங்க. பெயரைச் சொன்னால் ஃபிடே இணையதளத்தில் நீங்களே இலவசமாகச் சரிபார்க்கலாம்.

முதல் ரேட்டிங் கிடைக்க, ரேட்டிங் உள்ளவர்களோடு ஐந்து ஆட்டங்களாவது ஆட வேண்டும். அந்தப் போட்டிகள் பெரும்பாலும் பல நாள் நடக்கும். நைட் ஷிஃப்ட் முடித்து வரும் நாளில், பிள்ளையைக் காலைச் சுற்றுக்கு யார் கூட்டிட்டுப் போவது? ஃபீஸ் கட்டும் முன் வீட்டில் பேசி முடிக்க வேண்டிய கேள்வி இது.