குடலுக்குள்ளேயே பெருகும் புழு

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், இலோகோஸ் கடற்கரையோரம் இருக்கிறது தாகுதின் என்ற ஊர். 1967இல் அந்த வட்டாரத்தில் ஒரு வயிற்றுப்போக்கு பரவத் தொடங்கியது. வயிறு கடமுடவென்று உருளும், பிறகு தண்ணீராகப் போகும், வாரக்கணக்கில் நிற்காது, உடம்பு எலும்பும் தோலுமாக வற்றிவிடும். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் படுக்கையில் விழுந்தார்கள். பலர் பிழைக்கவில்லை.

காரணம், கேப்பில்லேரியா பிலிப்பினென்சிஸ் என்ற உருளைப்புழு. நீளம் சில மில்லிமீட்டர்தான். 1963இல் அதே இலோகோஸ் பகுதிக்காரர் ஒருவர் மணிலாவில் இறந்தபோது, பிரேதப் பரிசோதனையில்தான் முதன்முதலாகக் கண்ணில் பட்டது.

நோயாளியின் மலத்தோடு வெளியேறும் முட்டை நீர்நிலையில் கலக்கிறது. சிறு மீன் அதை விழுங்குகிறது. முட்டை பொரிந்து, மீனின் குடலில் இளம்புழு வளர்கிறது. இலோகோஸ் மக்கள் பொடிமீனைக் குடல்கூட எடுக்காமல் பச்சையாகத் தின்பார்கள். பிறகு புழுவுக்கு வேறென்ன வழி வேண்டும்? எலுமிச்சையோ வினிகரோ ஊற்றினால் சதை வெளுத்து வெந்ததுபோலத் தெரியும்; அதை நம்பிவிடக் கூடாது. அடுப்பில் நன்றாக வேகவைப்பதே பாதுகாப்பு.

மீன் வழியாக வரும் மற்ற புழுக்கள், எத்தனை உள்ளே போயினவோ அத்தனைதான் வளரும். நாடாப்புழு எவ்வளவு நீண்டாலும் ஓர் இளம்புழு ஒரு புழுவாகத்தான் ஆகும். இது அப்படியல்ல. சில பெண் புழுக்கள் முட்டைக்குப் பதிலாக இளம்புழுவையே ஈனுகின்றன. அவை வெளியே போகாமல் அதே குடலில் வளர்ந்து மறுபடியும் ஈனுகின்றன. ஒரே ஒரு வேளை சாப்பாடு போதும், சில மாதங்களில் ஆயிரக்கணக்கில் பெருகிவிட. சிறுகுடலின் சுவர் சிதைந்து, உண்ட சத்து உடம்பில் ஒட்டாது. புரதமும் பொட்டாசியமும் கழிந்துகொண்டே இருக்கும். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இந்த இழப்புதான்.

தாய்லாந்திலும் எகிப்திலும் பின்னர் இந்நோய் தென்பட்டது. இந்தியாவின் முதல் நோயாளியைப் பற்றி 1994இல் எழுதியவர்கள் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள்.

கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. இதன் முட்டை, சாதாரணச் சாட்டைப்புழுவின் முட்டையைப் போலவே இருப்பதால் மலப் பரிசோதனையில் ஆள் மாறிப்போகும். பச்சை மீன் சாப்பிட்டதை நோயாளி வாய்விட்டுச் சொன்னால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம். மருந்து எளிதானது, பள்ளிகளில் குடற்புழு நீக்கத்துக்குக் கொடுக்கும் அதே அல்பெண்டசோல். ஆனால் ஒரே மாத்திரையோடு முடியாது. 10 நாள் தொடர்ந்து சாப்பிட வேண்டும். வயிறு அடங்கிவிட்டதென்று நடுவில் நிறுத்தினால், எஞ்சிய இளம்புழுக்கள் வளர்ந்து நோய் திரும்பிவிடும்.